ராணியைக் கூப்பிட்ட வார்த்தை

டிசம்பர் 14, ஞாயிறு

இன்னைக்கும் என் குதிரை ராணியைப் பிடிக்க முடியல. செம்பூர் மைதானத்துல காலையில இருந்து அவ பின்னாலயே நடந்தேன். பத்தடி நெருங்குற வரைக்கும் பேசாம மேய்வா. "வா தாயி, வா, வா"ன்னு கையை நீட்டினா போதும், மறு ஓரத்துக்கு ஓடிருவா. போன வாரம் கல்யாண ஊர்வலத்துல அவ முதுகுல பட்டாசு பட்ட இடம் புண்ணாகி, இப்போ புழு வச்சிருச்சு. மருந்து போட மாட்டு டாக்டரைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். மராத்திக்காரர். மதிலோரம் நின்னு பார்த்துட்டு இந்தியில கேட்டாரு, "குதிரையைப் பார்த்து எதுக்குய்யா வாஹ் வாஹ்ங்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மாப்பிள்ளையைச் சுமந்து அவ ஆடும்போது சுத்தி நிக்கிறவன் பூரா சபாஷ் போடுற மாதிரி "வாஹ் வாஹ்"னுதான் கத்துவான். அந்தச் சத்தம் வந்தா அடுத்தது பட்டாசுதான். அவளை வாங்கின ரெண்டு வருஷமா நானும் "வா, வா"ன்னு அவ காதுக்கு அதையேதான் சொல்லியிருக்கேன்.

அப்புறம் "ஆஜா, ஆஜா"ன்னு இந்தியில கெஞ்சினேன். நிக்கல. இப்போ என் குரலே ஆகாமப் போச்சு போல. காத்து நின்னு சலிச்ச டாக்டர் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. இனிமே கூப்பிட்டாலும் வர மாட்டாரு. புழு உள்ள போயிக்கிட்டே இருக்கும்.

பொழுது சாய நானும் கிளம்பினேன். "போறேன்"னு சொல்ல வாய் வரல. பழக்க தோஷம், "வாரேன் தாயி"ன்னுட்டேன்.

அதுக்கும் ஓடினா, அந்தப் புண்ணோட.