கண்மாய்க் கரைக்கு ஒரு வேலி

கண்டரமாணிக்கம்
12.2.2024

அன்புள்ள முத்தரசுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் வழக்கம்போல. போன மாதம் சிறை நேர்காணலில் வலைக்கு இந்தப் பக்கம் நின்று உன்னிடம் பேசியபோது, "அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்துறாதீக. இந்த உடுப்புல அது என்னயப் பாக்கக் கூடாது" என்று மறுபடியும் சொன்னாய். மஞ்சுவிரட்டுத் தகராறில் நீ கம்பைத் தூக்கியதற்கு உனக்குத் தண்டனை; அவளுக்கு எதற்கு என்று கேட்க நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிறைக்குப் பின்னால் இருக்கும் கண்மாய்க் கரையில் நின்றால் போதும் என்கிறாள். மாடி வராந்தாவில் துண்டை ஆட்டுவது நீதான் என்று அவளுக்கு நிச்சயம். என் கண்ணுக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஒரு கவலை. யாரோ பந்துக்குள் பீடியை வைத்துச் சுவருக்கு மேலே எறிந்தார்களாம். அதிலிருந்து வெளிச்சுவரைச் சுற்றி ரோந்து வருகிறார்கள். நேற்று ஒரு காவலர் எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சொல்லாமல் போனதுதான் பயமாக இருக்கிறது. தாலுகா ஆபீசில் காலம் தள்ளியவன் நான். எதுவும் எழுத்தில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. கண்காணிப்பாளரிடம் முறையாக அனுமதி கேட்டுவிடட்டுமா?

அன்புடன்,
சேவுகப்பெருமாள்


19.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்காதீர்கள்.

துண்டை ஆட்டுவது நான்தான். அம்மாவிடம் சொல்லுங்கள். சிவப்புச் சேலை நன்றாகத் தெரிகிறது.

இங்கே கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். உங்கள் கடிதத்தைத் தந்த அலுவலர், "ஒங்கப்பா நல்லா எழுதுறாரு. கேள்விய மட்டும் வேற எங்கயும் கேட்ற வேண்டாம்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான். இதையும் அவர்தான் படிப்பார். அவருக்கு என் வணக்கம். வாரம் முழுவதற்கும் எனக்கு இருப்பது அந்த ஒன்றுதான் அப்பா. தயவுசெய்து மனு எதுவும் எழுத வேண்டாம். காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

முத்தரசு


கண்டரமாணிக்கம்
11.3.2024

அன்புள்ள முத்தரசுக்கு,

இதை எழுத இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

நீ வேண்டாம் என்று எழுதியதைப் படித்த பிறகுதான் மனுவைக் கொடுத்தேன். அந்த அலுவலர் நல்லவர். நாளைக்கு அவரை மாற்றிவிட்டால்? அடுத்து வருகிறவர் கரையில் நிற்பதையே குற்றமாக எழுதி உன் தண்டனைக் குறைப்பில் கை வைத்தால்? எழுத்தில் அனுமதி இருந்தால் உனக்குக் காப்பு என்று நினைத்தேன். இப்போதும் அப்படி நினைத்தது தவறா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நாற்காலி போட்டார்கள். தேநீர் கொடுத்தார்கள். கண்காணிப்பாளர் வரைபடத்தை விரித்து, "அங்கன நின்னா உள்ள தெரியுங்கிறதே எங்களுக்குத் தெரியாது சார். ரொம்ப நன்றி" என்றார். எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டியவனும் நான்தான்.

மறுவாரமே சர்வேயர் வந்தார். கரையில் இருந்த கருவேலம் அத்தனையையும் வெட்டிவிட்டார்கள். கல்லுக்கால் ஊன்றி முள்கம்பிச் சுருள் போட்டாகிவிட்டது. உங்கள் வராந்தாவுக்கும் தகரம் அடித்திருப்பார்கள், உனக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா வேலிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "காயிதம் எழுதிக் குடுக்காட்டி ஒங்களுக்குச் சோறு எறங்காதா?" என்றாள். அதற்குப் பிறகு பேசுவதில்லை. சாப்பாடு வேளைக்கு வருகிறது.

சேவுகப்பெருமாள்


20.3.2024

அப்பாவுக்கு,

தகரம் அடித்துவிட்டார்கள். பகலிலும் வராந்தா இருட்டாகத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். யார் கொடுத்த மனு என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அம்மாவை நேர்காணலுக்கு அனுப்புங்கள். வலைக்கு வருகிறேன். இந்த உடுப்பைப் பார்த்தால் பார்க்கட்டும், வேறு வழியில்லை. சித்தப்பா மகன் பாண்டிமுருகனைத் துணைக்கு உள்ளே அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம். எனக்காகத்தான் செய்தீர்கள் என்று தெரியும். தெரிந்தும் உங்களைப் பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

முத்தரசு


கண்டரமாணிக்கம்
8.4.2024

அன்புள்ள முத்தரசுக்கு,

நீ எழுதியபடியே செய்தேன். பாண்டிமுருகன் அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். நான் வெளி வாசலைத் தாண்டவில்லை. அங்கே நின்ற காவலருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "உள்ள போகலையா சார்? நீங்கதான ஒத்தாசை பண்ணுனவுக" என்றார். கால்வலி என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

வெளியே வந்தபோது அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. ஆனால் நடை தெளிவாக இருந்தது. திருப்பத்தூர் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நீ இளைத்துவிட்டாயா, என்னைப் பற்றி ஏதாவது கேட்டாயா, எதுவும் தெரியவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, "பய என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "ஒங்ககிட்டச் சொன்னா அதயும் எழுதிக் குடுத்துருவீக."

வேலி போட்ட நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசியது இதுதான். முன் சீட்டில் இருந்த பாண்டிமுருகன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது.

இனி மாதாமாதம் அவளை வாசல்வரை கொண்டுவந்து விடுவேன். நீ இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை.

அப்பா