ஐந்து மிஸ்ஸிகளுக்கு ஒரு பெயர்

ஆயர் குரோ,
புதன்கிழமை

அன்புள்ள மகன் காந்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மெல்பர்னில் எல்லோரும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை நீயே சொல்லிவிட்டதால் அதை மறுபடி விசாரிக்கவில்லை. "அம்மா, சென்டர் விஷயத்துல நீங்க தலையிடாதீங்க, பாலகிருஷ்ணன் அங்கிள் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை, ஆகவே எழுதுகிறேன். தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் வந்து சேராது. பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறேன். எழுத்து மங்கலாக இருந்தால் பெரிதாக்கிப் படி.

முதலில் உடம்பு. கால் வீக்கம் குறைந்திருக்கிறது. நேற்றும் தவறாமல் சிறுநீரக சென்டருக்கு ரத்தம் கழுவப் போய் வந்தேன். பக்கத்து நாற்காலி இருசம்மாள், "என்னா டீச்சர், மெஷினு ஒங்கள ஈரத்துணி மாரி புழிஞ்சிருச்சாமே?" என்று கேட்டாள். சிரித்தேன். சிரிக்க வேண்டியது அதோடு முடிந்தது.

போன வியாழக்கிழமை நான் மயங்கியதைச் சென்டர் தலைவர் பாலகிருஷ்ணன் உனக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது. நடந்தது இதுதான். தண்ணீர் வடித்த பிறகு என் எடை ஐம்பத்திரண்டு கிலோ இருக்க வேண்டும். அன்று என் பெயருக்கு நேராக யாரோ நாற்பத்தொன்பது என்று கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து இயந்திரத்தை முடுக்கினார்கள். அது என்னை உறிஞ்சியது. கெண்டைக்கால் முறுக்கியது, கண் இருண்டது. ஓடி வந்து அதை நிறுத்தி, என்னைச் சாய்த்துக் காலை உயர்த்திப் பிடித்து, உப்புநீர் ஏற்றிப் பிழைக்க வைத்தவள் தாதிகளுக்கெல்லாம் தலைமை மிஸ்ஸியான திலகவதி.

அந்தத் திலகவதியைத்தான் சனிக்கிழமை செயற்குழுக் கூட்டத்தில் வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள். தப்பாக அடித்தது அவள்தான் என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம். வேறென்ன சொல்லும்? ஐந்து மிஸ்ஸிகளும் அவள் பெயரில்தானே அதற்குள் நுழைகிறார்கள்! உண்மையில் அடித்தது யார் என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதைச் சொன்னால், பாஸ்வர்டைப் பிறருக்குக் கொடுத்ததே பெரிய குற்றம், விதியில் இருக்கிறது என்கிறார்கள்.

கொடுக்கச் சொன்னது யார், காந்தா?

போன தீபாவளிக்கு என் வீட்டுக் கூடத்தில் நீயும் பாலகிருஷ்ணனும் உட்கார்ந்து பேசினீர்கள். சென்டருக்கு நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்த மென்பொருளைப் பற்றித்தான் பேச்சு. முதலில் ஒரு விலை சொன்ன கம்பெனி, கையெழுத்து வாங்கிய பிறகு ஒவ்வொரு மிஸ்ஸியின் பெயருக்கும் மாதா மாதம் தனிக் கட்டணம் என்றது. பழைய நோயாளிகளின் விவரங்களை உள்ளே ஏற்றத் தனி. நாற்காலியில் மாட்டி வைக்கிற தாளை அச்செடுக்கத் தனி. மேசையை விற்றுவிட்டு அதன் கால்களுக்கு வேறு விலை கேட்பது என்ன வியாபாரம்? அப்போது நீ சொன்னாய்: "எதுக்கு அங்கிள் அஞ்சு பேருக்கு வாங்குறீங்க? எல்லாரும் திலகவதி அக்கா பேர்லயே அடிக்கட்டும் லா. யாரு பாக்கப் போறா?" காபித் தட்டோடு நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

பாலகிருஷ்ணனிடம் கேட்டேன். "அப்பிடியா ஆண்டி? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். அன்று சாப்பிட்ட முறுக்கு மட்டும் அருமை என்று ஞாபகமிருக்கிறதாம்! என் மயக்கத்துக்கு நியாயம் கேட்கத்தான் இந்த நடவடிக்கையாம். பழக்கூடை ஒன்றும் கொண்டு வந்தார். "ஒங்க மகன் போட்ட சிஸ்டம் ஆண்டி, அது பொய் சொல்லாது" என்று சொல்லி என் வாயை அடைக்கப் பார்த்தார். பழக்கூடையை அவர் காரிலேயே திருப்பி ஏற்றிவிட்டேன். என் உடம்பைக் காட்டி இன்னொருத்தியின் வயிற்றில் அடிக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

திலகவதியின் கணவர் கணேஸ்வரனுக்குச் சுங்கை ஊடாங்கில் ஒப்பந்த வேலை முடிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள். இப்படி ஒரு பழியோடு வெளியே போனால் வேறெந்த சென்டரும் அவளைச் சேர்க்காது. நேற்று எனக்கு ஊசி போடும்போது உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "தம்பி நல்லதுக்குத்தான் சொன்னாரு டீச்சர்" என்றாள். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் படித்த கான்வென்ட்டில் யாராவது மையைச் சிந்திவிட்டு மறைத்தால் சிஸ்டர் வகுப்பையே எழுந்து நிற்க வைப்பார். சிந்தாத ஒருத்தியைப் பிடித்துத் தனியாக நிறுத்தியதில்லை. நீங்களெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள்.

செயற்குழுவுக்கு நீ நாலு வரி எழுதினால் போதும். எல்லோரும் ஒரே பெயரில் அடிக்கச் சொன்னது நான், தலைவரும் அதற்குச் சம்மதித்தார் என்று எழுது. உன் பேர் கெடும், உன் ஆபீஸ் வரைக்கும் போகும் என்று பயப்படுகிறாய். போகலாம். போகாது என்று உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். நீ எழுதாவிட்டால் நானே கூட்டத்துக்குள் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். ஆனால் "மயக்கத்துல ஆண்டிக்குக் கொஞ்சம் கொழம்பிருச்சு" என்று பாலகிருஷ்ணன் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். உன் கையெழுத்துக்கு மயக்கம் வந்தது என்று அவரால் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை கூட்டம். எனக்கு ரத்தம் கழுவுகிற நாளும் அதுதான். கூட்டம் முடியும்வரை வெளியே பெஞ்சில் காத்திருப்பேன். எனக்கு ஊசி போடத் திலகவதி உள்ளே இருந்தால் நாற்காலியில் உட்காருவேன். அவளை அனுப்பிவிட்டால், அவளோடு நானும் ரத்தம் கழுவாமலே அதே வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிடுவேன். வேறொரு சென்டரில் இடம் தேடித் தருகிறேன் என்று நீ போன் செய்ய வேண்டாம்.

மருமகள் மலர்விழிக்கு என் அன்பைச் சொல். குளிர் தொடங்கிவிட்டது என்றாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ பிறந்த நாளிலிருந்து உன்னை நினைத்து விளக்கேற்றாத நாள் எனக்கில்லை. சனிக்கிழமைக்குப் பிறகும் தலை நிமிர்ந்து உன்னை வாழ்த்த என்னை விடப்பா.

உன் அம்மா,
ஜானகி