ஜீப்பின் வயிற்றிலிருந்து எடுத்தவை

அன்பு மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் அம்மா, ஒன்பது வருஷமாகச் செத்துக் கிடந்த ஜீப், நால்வரும் சுகம். நீயும் அங்கே சுகமாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தை முடிக்கிற வரையிலாவது இருந்துவிடு, ஏனென்றால் நடுவில் ஓரிடத்தில் உனக்குத் தூக்கிவாரிப் போடும், அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். போன வாரம் போனில் இருமினாயே அது விட்டதா, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே, காலையில் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே என்று எழுதச் சொன்னார் உன் அம்மா. எழுதிவிட்டேன். இனி என் முறை.

நம் வீட்டுப் போர் நிலவரம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சரித்திரத்தை ஒழுங்காகச் சொல்வது என் கடமை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம் சிமெண்ட் மூட்டை ஏற்றி வர ஜீப்பை வெளியே எடுத்தேன், கேட்டுக்குப் பத்தடி முன்னால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், வண்டி மட்டும் என் கால் இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு நூறு சிங்கம் சேர்ந்தாற்போல் கர்ஜித்துப் போய் கேட்டுத் தூணை முட்டியது. தூண் விழுந்தது. ஆக்ஸிலேட்டர் திரும்பவில்லை அண்ணே, நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். என் வாழ்க்கையில் கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதை ஒரு ஜீவன் நம்பவில்லை. ஊரில் எந்தப் பொருள் உடைந்தாலும் கம்பி கட்டி ஓட்டுகிறவன், கம்பி சித்தப்பா என்று பெயர் வாங்கியவன், அங்கேயும் ஏதோ கட்டித்தான் வைத்திருப்பான் என்று உன் அப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். பானெட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் வண்டியைத் தள்ளி ஷெட்டில் போட்டுப் பூட்டினார். அதோடு என்னிடம் நேராகப் பேசுவதையும் பூட்டினார். அன்றிலிருந்து ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், உப்பு வேண்டுமென்றால்கூட அவர் உன் அம்மாவிடம்தான் கேட்பார், உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

போன திங்கட்கிழமை ஷெட் கூரை ஒழுகுகிறது, இடத்தைக் காலி பண்ண வேண்டும், சனிக்கிழமை மத்தியானம் பழைய இரும்புக்காரர் லாரியோடு வருகிறார் என்று செய்தி வந்தது, வழக்கம்போல் உன் அம்மா மூலமாக. என் பழியைத் துடைக்கக்கூடிய ஒரே சாட்சி அந்த வண்டி, அதை வெட்டி உருக்கிவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன். ஐந்து நாள் கொடுங்கள், ஓட வைத்துக் காட்டுகிறேன், ஓடினால் ஷெட்டும் அதுக்கே, கூரையை நானே மாற்றுகிறேன் என்று சவால் விட்டேன். உள் அறையிலிருந்து பதில் வந்தது: "ஓட்டிக் காட்டச் சொல்லு. ஆனா ஒரு கம்பித் துண்டு கட்டக் கூடாது. நான் எதிர்லயே உக்காந்து பாப்பேன்." உன் அம்மா எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு, என் தொண்டத் தண்ணிதான் வத்துது" என்றார்.

மெக்கானிக் ஒருவர் வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். இதுக்கு என்னைக் கூப்பிடக் கூடாது சார், பூமிய தோண்டி பழைய நகரம் எடுப்பாங்களே அவங்களக் கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டு டீயைக்கூட நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். ஏர் ஃபில்டருக்குள் எலிகள் மூன்று தலைமுறைக்குக் குடும்பம் நடத்தியிருந்தன. என்ஜின் இறுகிப் போயிருந்தது, பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் ஊற்றி ஊற வைத்து மூன்றாம் நாள் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் என் தோள்பட்டைதான் முதலில் கழன்றது, பிறகு அது அசைந்தது. இவ்வளவையும் உன் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சிறை அதிகாரி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் அம்மாடி விஷயம். கழற்றக் கழற்ற வண்டிக்குள்ளிருந்து நம் குடும்பம் வெளியே வந்தது. பேட்டரியைப் பிடித்துக் கட்டியிருந்தது ஒரு பழுப்புத் தோல் பெல்ட். உன் மாமா கல்யாணத்தன்று காணாமல் போய், நான்தான் திருடினேன் என்று உன் அப்பா சத்தியம் செய்த அதே பெல்ட். பெட்ரோல் டாங்க் கசிவில் அப்பியிருந்தது சோப்பு, முகர்ந்து பார்த்தால் இன்னும் லேசாக வாசனை, உன் அம்மா தனக்கென்று ஒளித்து வைத்து ஒரு நாள் பார்த்தால் பாதியாய்த் தேய்ந்திருந்ததே அந்தச் சோப்பு. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் மூடியில் விரிசல், அதை அடைத்திருந்தது ரத்தச் சிவப்பு நகப்பூச்சு, அந்தச் சீசாவைக் காலி செய்ததாக நீ வாங்கிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸில் சுற்றியிருந்தது சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே, அந்த வெள்ளித்தாள். நீ பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலேயே சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்லும் மகாத்மா ஒருவர் நம் வீட்டில் இருக்கிறார், கம்பெனி சாமான் தவிர வேறெதையும் வண்டியில் போடமாட்டேன் என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவரும் அவரே.

தரையில் செய்தித்தாளை விரித்து, பெல்ட், சோப்பு, மூடி, வெள்ளித்தாள் என்று கோர்ட்டில் சாமான் வைப்பதுபோல் ஒவ்வொன்றாக அடுக்கினேன். நாற்காலி நெளிந்தது. ஒரு இருமல் வந்தது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா டீ கொண்டு வந்தார், நான் சட்டென்று ஸ்பேனரைத் தூக்கி வெள்ளித்தாள் மேல் வைத்தேன். உன் அப்பா அதைப் பார்த்தார். தன் பிஸ்கட்டை என் தட்டில் வைத்தார். ஒன்பது வருஷத்தில் நாங்கள் நடத்திய மிக நீண்ட உரையாடல் அது.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு லாரி கேட்டில் வந்து நின்றுவிட்டது. அதற்குள் பேட்டரி, டாங்க், மூடி, ஃபியூஸ் எல்லாம் புதிதாக மாட்டி முடித்திருந்தேன், எனக்குக் கடைசியாகப் பார்க்க இருந்தது ஆக்ஸிலேட்டர். காலை எடுத்ததும் அதைப் பின்னால் இழுக்க ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்க வேண்டும். டார்ச்சை அடித்துக் கையை விட்டேன். ஸ்பிரிங் இல்லை. அது இருந்த கொக்கியில், காய்ந்து வெடித்து அறுந்து, தலைமுடி கட்டும் ரப்பர் பேண்ட் ஒன்று தொங்கியது. அதில் ஒரு பிளாஸ்டிக் பூ. மஞ்சள் நிறம்.

நீ இப்போது உட்கார்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் உட்கார். தூண் விழுந்ததற்கு முந்தின நாள் வீட்டில் எல்லோரும் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம், நீ மட்டும் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று இருந்தாய், திரும்பி வந்தபோது தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாய். எந்தப் பாடத்தை எந்த ரோட்டில் ஓட்டிப் படித்தாய் என்பது ஒன்பது வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது. போன் பண்ணும்போதெல்லாம் முதல் கேள்வியாக "அப்பா உங்ககூட பேசுறாரா சித்தப்பா" என்று கேட்பாயே, அது ஏன் என்பதும் புரிந்தது. கோபம் வந்ததா என்றால், வந்தது, ஒரு டார்ச் அணைகிற நேரம். என் சாட்சி என் கையில் இருந்தது, செய்தித்தாளில் கடைசி இடம் காலியாக இருந்தது, உன் அப்பா கழுத்தை நீட்டி, இன்னும் என்ன மானம் போகப்போகிறதோ என்று பயந்துகொண்டு பார்த்தார். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கம்பிதாண்ணே. நான் கட்டினதுதான். அதான் அறுந்திருக்கு" என்றேன்.

பூமி நின்று மறுபடி சுற்றியது. உன் அப்பா எழுந்தார், உன் அம்மாவைத் தேடவில்லை, நேராக என் மூஞ்சியைப் பார்த்து, "இத ஒத்துக்க உனக்கு ஒம்பது வருஷமாடா ஆச்சு" என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு ஸ்பிரிங், நாலங்குலம், இரண்டு முனையிலும் கொக்கி வளைத்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "வாய மூடிட்டு மாட்டு" என்றார். மாட்டினேன். ஹேண்டிலை அவர் சுற்றினார், ஏழாவது சுற்றில் ஜீப் கிளப்பிய புகையில் பக்கத்து மூன்று தெருவுக்கு அன்று சூரியன் தெரியவில்லை. லாரிக்காரர் இருமிக்கொண்டே வழிவிட்டார். உன் அப்பா என் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தூணைப் பாத்து ஓட்டுடா என்றார். காலை எடுத்தேன், ஆக்ஸிலேட்டர் பணிவாகத் திரும்பியது. ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும், என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்தபடி சொன்னார்: "உன் கம்பியில பூவெல்லாம் பூத்திருந்துச்சு போல." அவ்வளவுதான். நான் கியரை மாற்றினேன்.

அதனால் மகளே, நீ ஒன்றும் ஒத்துக்கொள்ள வேண்டாம், போனில் அழவும் வேண்டாம். உன் பொருளை இத்துடன் வைத்திருக்கிறேன், பத்திரம். அடுத்த லீவுக்கு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போ, உன் தண்டனை அதுதான். வரும்போது நாலங்குலத்தில் நல்ல ஸ்பிரிங் ஒன்று மறக்காமல் வாங்கி வா, அவசரம். ஹால் ஜன்னலில் திரைச்சீலை நாலு நாளாகத் தொங்கிப்போய் ஒரு பக்கம் வெயில் அடிக்கிறது, உள்ளே ஓடுகிற ஸ்பிரிங்கை எவன் வெட்டினான் என்று உன் அம்மா நேற்று வரை வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். உன் அப்பா நேற்று என் அறைக்கு வந்து, தானாகவே வந்து, கேட்டா நீதான்னு சொல்லிருடா என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன். உன் அம்மா உடனே நம்பிவிட்டார்.

நோய் நொடி அண்டாமல், பிரேக் எப்போதும் பிடிக்க, நீ நூறு வயது நன்றாக இரு.

உன் ஆசைச் சித்தப்பா,
செய்த குற்றத்துக்கும் செய்யாத குற்றத்துக்கும் ஒரே முகவரி.