காற்றுச் செய்தி வரும் குழுவில் நீ பேசியது

அண்ணா, பவானி எழுதுகிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவதால், கீழே ‘நான்’ என்று வருவதெல்லாம் அம்மாதான். பேச்சை எழுத்துத் தமிழாக்குவதைத் தவிர வேறு எதையும் மாற்றமாட்டேன், என்னைத் திட்டியதையும் விடமாட்டேன், நடந்ததை நடந்தபடி உண்மையாக எழுதுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன்.

பொன்ராஜு, உன் உடம்பு நன்றாக இருக்கிறதா, அந்தக் கடல் உன்னிடம் ஒழுங்காக நடந்துகொள்கிறதா? இங்கே மூன்று பேருக்கும் உடம்பில் குறையில்லை, மனதில்தான் நிம்மதி இல்லை. அப்பாவுக்கு முட்டிவலி பழையபடிதான், தைலம் தேய்த்தால் கடலுக்குப் போகிறார், தேய்க்காவிட்டாலும் போகிறார். போனில் பேசினால் நாலாவது வார்த்தைக்கே நீ கத்துகிறாய், நானும் கத்துகிறேன், அப்புறம் நீ வைத்துவிடுகிறாய். இப்போது கடலில் வேறு இருக்கிறாய். அதனால்தான் லீவு முடிந்து பஹ்ரைனுக்கு, உன் படகுத்துறைக்கே திரும்பும் ஞானதுரை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை நீ கரையேறும்போது உன்னிடம் வந்துசேரும். நெத்திலிக் கருவாடும் வைத்திருக்கிறேன், முதலில் கடிதத்தைப் படி, பிறகு கருவாட்டைப் பிரி.

போன தடவை கரைக்கு வந்தபோது யாரோ அனுப்பி அந்தப் படத்தைச் செல்போனில் பார்த்திருக்கிறாய். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணைப் பேசிப் பேசி மனதை மாற்றி, மதவெறிக் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற கதை. பார்த்த சூட்டோடு நம் குப்பத்து வாட்ஸப் குழுவில், “தேரடி ஷமீமா டீச்சர் வூட்டுக்கு டியூஷன் அனுப்புறவங்க உஷாரா இருங்க, இன்னிக்கி கணக்கு சொல்லிக் குடுப்பாங்க, நாளிக்கி வேற சொல்லிக் குடுப்பாங்க” என்று பேசிப் போட்டாய். எந்த இடத்தில் பேசுகிறோம் என்று யோசித்தாயா? அது கடலில் இருப்பவர்களுக்குக் காற்றுச் செய்தி வரும் குழு. ‘வாடை ஏறுது, வலையை இழு’ என்று அதில் ஒரு குரல் வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. முதலில் கரைக்குத் திரும்பு, பிறகு கேள் என்பதுதான் நம் வழக்கம், அப்படித் திரும்பித்தான் உன் அப்பா இன்றும் உயிரோடிருக்கிறார். உன் குரலையும் அப்படித்தான் கேட்டார்கள். மறுநாள் சாயங்காலம் குப்பத்திலிருந்து டீச்சர் வீட்டுக்குப் போகும் பதினோரு பிள்ளைகளில் ஒன்றுகூடப் போகவில்லை. முதலில் நிறுத்தியது நான்தான். பவானி தோளில் மாட்டியிருந்த பையைப் பிடுங்கி ஆணியில் மாட்டினேன். “பப்ளிக் பரீட்சைக்கு எழுபது நாள்தாம்மா கீது” என்று அழுதாள். உயிரோடு இருந்து அழு என்றேன்.

பார்க்காத படத்துக்காக வீட்டில் சண்டை வேண்டாம் என்று அப்பா சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் உன் சித்தி தங்கபுஷ்பமும் தியேட்டருக்குப் போனோம். மகள் விட்டுப்போன துணிகளை படத்தில் அந்தப் பெண்ணின் தாய் மடித்து மடித்து அடுக்கும் இடத்தில் நான் அழுதுவிட்டேன், அதை மறைக்கமாட்டேன். வரும்போது ஷேர் ஆட்டோவிலேயே ஆரம்பித்தது. “நெருப்பில்லாம பொகையுமா? பொன்ராஜு அரபு நாட்டுலியே கீறான், அவனுக்குத் தெரியாதா?” என்றாள் உன் சித்தி. அப்பா, “அவன் அங்க அரபுக்கார மொதலாளியோட ஒரே தட்டுல கை வெச்சித் துன்னுகினு கீறான், அவன யாரும் மயக்கல, இங்க நம்ம பொண்ணுக்கு கணக்கு போட்டுக் குடுத்தா மட்டும் மயக்கமா?” என்றார். “ஆம்பள வேற, பொட்டப்புள்ள வேற மாமா” என்று அவள் சொல்ல, ஆட்டோக்காரர் ஒலிபெருக்கி எதுக்கு, நீங்களே போதும் என்று சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் பவானி பிடித்துக்கொண்டாள். “அந்த மாதிரி ஆளுங்க இல்லன்னு நான் சொல்லல சித்தி, இருக்காங்க. அந்தப் பொண்ணைக் கெடுத்தது ஒரு கூட்டம். எங்க டீச்சர் எந்தக் கூட்டத்துல இருக்காங்க, நீங்களே சொல்லுங்க” என்றாள். “வந்துட்டா பெரிய வக்கீலு” என்று உன் சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேள்வி நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. ஆனால் அதனால் பயம் போய்விடுகிறதா?

செவ்வாய்க்கிழமை டீச்சர் குடியிருக்கும் தெருவுக்கு மீன் கொண்டுபோனேன். பதினைந்து வருஷ வாடிக்கை, இருந்தும் அவள் வாசலில் நிற்காமல் நடந்தேன். மாடியிலிருந்து டீச்சர், “இன்னா குப்பம்மா, எனக்கு மீன் வித்தாக்கூட நீ மாறிப்பூடுவியா?” என்றாள். இறங்கி வந்து, யாரோ அவளுக்கும் அனுப்பியிருந்ததைச் செல்போனில் அழுத்தினாள். நடுத்தெருவில் உன் குரல் கேட்டது. “இவனுக்கு வாய்ப்பாடு நான்தானே சொல்லிக் குடுத்தேன்” என்றாள். கோபமாகக்கூட இல்லை. “அந்தப் படத்த நானும் பாத்தேன். அந்தக் கூட்டத்த நெனச்சா எனக்கும் வயிறு எரியுது, எனக்கும் ஒரு பொண்ணு கீறா. படத்துல வர்றவளுக்காக அழுதியாமே, என்னான்ட வந்து ஒரு வார்த்த கேக்க தோணலயா?” என்றாள். பிள்ளைகளை அனுப்பு என்று கேட்கவில்லை. வீட்டுக்காரர் வம்பு வேண்டாம் என்று மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

டீச்சர் கேட்ட அந்தக் கேள்வி தூங்கவிடாததால், நேற்று பவானியை நானே கூட்டிக்கொண்டு போய் அவள் வீட்டில் விட்டுவிட்டு, படியிலேயே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கதவைத் திறந்தே வைத்தாள். காவலுக்குத்தான் உட்கார்ந்தேன், பயம் முழுசாகப் போகவில்லை. ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டதில் எனக்குப் பிடிபட்டது ‘வகைக்கெழு’ என்ற ஒரு சொல்தான், அதுவும் என்னவென்று தெரியாது. மற்றப் பத்துப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். “பொன்ராஜு சொல்லட்டும்” என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காற்று வருகிறது என்று எச்சரித்தவன்தான் அடங்கிவிட்டது என்றும் சொல்லவேண்டும், அவன் சொல்லாமல் யாரும் படகை இறக்குவதில்லை. நான் நூறு தடவை சொன்னாலும் அது உன் குரலாகாது. ஆகவே கரையேறியதும் அதே குழுவில் பேசு. படம் பிடித்திருந்தால் பிடித்தது என்று சொல், அது உன் இஷ்டம், அதை வைத்து ஊருக்கு வந்து அப்பாவோடு சண்டை போடு. ஆனால் டீச்சர் பேரை எடுத்தது தப்பு, எனக்கு ஒன்றும் தெரியாமல் சொன்னேன் என்று பேர் சொல்லியே சொல். வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்ட அது எனக்கு வேண்டும். நீ இதைப் படிக்கும்போது மாதக் கடைசிக்கு ஐந்து நாள்தான் இருக்கும்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டு, தண்ணீர் நிறையக் குடி, கோபத்தில் செல்போனைக் கையில் எடுக்காதே. கங்கையம்மன் உன்னை எந்தக் காற்றிலும் கைவிடமாட்டாள். நல்லா இரு நைனா.

உன்னைப் பெற்றவள்,
குப்பம்மா

அண்ணா, கையெழுத்து அம்மாவே போட்டது. மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டிமேல் தாளை வைத்து, எழுதியதை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். சித்தியும் கூடையை வைத்துக்கொண்டு கேட்டாள். “அவன் சொன்னான்னா எங்கூட்டுப் புள்ளைங்களையும் அனுப்பறேன், சொல்லலன்னா இல்ல” என்றாள். இதையும் எழுது என்றாள், எழுதிவிட்டேன். ஞானதுரை அண்ணன் கடிதத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தேரடிப் பக்கம் புறப்பட்டுவிட்டாள், டீச்சர் வாசலில் இன்று நிற்கப் போவதாகச் சொன்னாள், வாங்குவார்களா என்று தெரியாது. விடிந்துவிட்டதால் ஏலக்கூடத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.