இறங்கி வந்த பெட்டி

மூஷா, தைபே
ஏப்ரல் 6

அன்பு மகள் ரூ-யுன்னுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் அலையாதே. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய சத்து மாத்திரை வந்து சேர்ந்தது. மாத்திரை தீரும் முன்பே டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நீ வான்கூவர் போகும் முன் அவருக்குப் பிடிக்கவைத்த புதையல் விளையாட்டுப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. டப்பாவைக் கல்லிடுக்கில் ஒளித்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டுவிட வேண்டியது. ஊர் பேர் தெரியாத யாரோ போனைப் பார்த்துக்கொண்டே ஏறிவந்து, கண்டுபிடித்து உள்ளேயிருக்கும் தாளில் பேர் எழுதிவிட்டுப் போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு ஒரு கிண்ணம் கூடுதலாக இறங்கும். "குப்பையை ஒளிக்க ஒரு ஆளு, தேட நாலு ஆளு" என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். ஒரு நாளாவது கூட ஏறியிருக்கலாம் என்று இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

நீங்கள் இருவரும் மலையுச்சியில் வைத்த பெட்டி அங்கே இல்லை, ரூ-யுன். போன கோடையில் அதை பாதிமலையில் இருக்கும் நிலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். மேலே வழியெல்லாம் சேறு என்றார். பிறகு லியாவின் தேநீர்க்கடைப் பக்கம் வந்தது. அப்புறம் மலையடிவாரம். புத்தாண்டு கழிந்து, ஆற்றோரச் சைக்கிள் பாதையில் பாலத்தடிக்கு வந்துவிட்டது. ஏன் இறங்குகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் நம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். நுரையீரல் கெட்டுவிட்டது. டாக்டர் மருந்து கொடுக்கிறார், நம்பிக்கை கொடுக்கவில்லை.

உனக்கு அவர் அனுப்பும் உச்சிப் படங்கள் எல்லாம் தேநீர்க்கடை லியாவ் ஏறி எடுத்துத் தருபவை. அவரும் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, முட்டி தேய ஏறுறது நானு, பேரு வாங்குறது அவரா? அந்தப் பொண்ணுகிட்ட நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

அப்பா மலையேறுகிறார் என்று நம்பித்தான் நீ ஊர் வருவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினாய். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

மலையேறும்போது, இறங்கி வருகிறவர்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "வந்துட்டீங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் நீ அது பொய்யென்று காலை உதைத்து அழுவாய். இருமி முடித்ததும் அப்பா என்னிடம் அதையேதான் சொல்கிறார். "இன்னும் கொஞ்சம்தான், சரியாயிடும்." நானும் தலையாட்டுகிறேன்.

நேற்றுப் பெட்டி மறுபடி நகர்ந்தது. கீழே படிக்கட்டுக்கு அடியில் நிற்கும் உன் சைக்கிளின் சீட்டுக்குக் கீழே கட்டியிருக்கிறார். டயருக்குக் காற்றும் அடித்திருக்கிறார், உட்கார்ந்து உட்கார்ந்து. இந்த இடத்தை மட்டும் இணையத்தில் போடவில்லை. கேட்டதற்கு, "இந்த எடத்துல மொதல் பேரு அவ எழுதட்டும். வேற யாரும் தேட வேணாம்" என்றார். உன்னிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியமும் வாங்கினார். மீறிவிட்டேன்.

உச்சியிலிருந்து வாசல்வரை அவர் கொண்டுவந்து சேர்த்துவிட்டார், மகளே. இதற்குமேல் இறக்க இடமில்லை. மீதித் தூரம் நீதான் வர வேண்டும். வந்தால் உடனே கண்டுபிடித்துவிடாதே. கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் தேடு. அவர் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

நிலதெய்வம் உன் பயணத்துக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
சுவே-லான்