ஒரே பெயரில் இரண்டு மோட்டார்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து காற்று. காயப்போட்ட துப்பட்டா பக்கத்து மாடியில். சிங்காநல்லூர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெசேஜ் புரோக்கர் என்ற மென்பொருளை ஏற்றி முடித்தாயிற்று. தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் 'நின்றுவிட்டேன்' என்று அதனிடம் சொல்லும். அந்தச் செய்தி வேண்டுமென்று பதிந்து வைத்தவர்களுக்கெல்லாம் அது கொண்டுபோய்ச் சேர்க்கும். சொல்பவரும் கேட்பவரும் முகம் பார்க்கவே வேண்டாம்.

முதல் சோதனை அன்னூரில். ரங்கசாமி, சின்னசாமி. அண்ணன் தம்பி. ஒரே கிணறு, முறை வைத்துத் தண்ணீர்; ஒருவர் மோட்டார் நின்றால்தான் மற்றவர் போடலாம். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. என் புரோக்கருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைப்பார்களா!

முதலாளி பிரபு சார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலீன்னா பழைய எஸ்எம்எஸ்ஸே போதுமுங்க." எனக்கென்று தந்த முதல் தனி வேலை. ஓடும்.

ஜூலை 8, செவ்வாய்
அன்னூர். இரண்டு மோட்டாருக்கும் செய்தி அனுப்பும் பெட்டி மாட்டினேன். பெட்டிக்கு ஒரு பெயர் வேண்டும். அண்ணன்: "பெரியதோட்டம்னு போடுங்க அம்மணி. அப்பா வெச்ச பேருங்க." பிறகு தம்பி, தன் மோட்டார் ரூமில்: "பெரியதோட்டம்தானுங்க. வேறென்ன பேரு?"

மறுபேச்சில்லாமல் இரண்டிலும் அதையே அடித்தேன். அடுத்தவர் வீட்டுச் சண்டையில் நான் எதற்கு? இரண்டு வீட்டிலும் மோர். தம்பி வீட்டு மோர் ஒரு படி மேல்.

ஜூலை 9, புதன்
சே. அண்ணன் பெட்டி இணைந்தால் தம்பி பெட்டி துண்டிப்பு. தம்பி வந்தால் அண்ணன் அவுட். அண்ணன் மோட்டார் நின்ற செய்தி தம்பிக்குப் போகவேயில்லை. தம்பியின் முறையில் பாதி நேரம் வீண்.

சின்னசாமி போனில்: "ஏனுங்க அம்மணி, வாழை வாடுதுங்க. இதுக்குப் பழசே தேவலைங்களே?" அழுகை வந்துவிட்டது. சிக்னல்தான் கோளாறு என்று சிம்மை மாற்றச் சொன்னேன். பாவம் சிம்.

ஜூலை 10, வியாழன்
கண்டுபிடித்துவிட்டேன்! ஒரே பெயரில் இரண்டாவது ஆள் வந்தால், புரோக்கர் முதல் ஆளை வெளியே தள்ளிவிடும். அப்படியானால் யாராவது ஒருவர் பெயரை விட்டுத்தர வேண்டும். அதை யார் போய்ச் சொல்வது?

பிரபு சாருக்கு ஒரே சிரிப்பு. "பேர அடிச்சது நீங்கதானுங்களே. நீங்களே சொல்லுங்க."

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பஜ்ஜி மட்டும் இறங்கியது.

ஜூலை 11, வெள்ளி
கிணற்று மேடு. அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி, நடுவில் நான். விஷயத்தைச் சொன்னேன்.

ரங்கசாமி, என்னிடம்: "பேர அவனையே வெச்சுக்கச் சொல்லுங்க. வாழை காயுதுல்ல."

சின்னசாமி, அவரும் என்னிடமே: "அண்ணனுக்கே இருக்கட்டும்னு சொல்லிப்போடுங்க."

இப்போது இருவருக்கும் வேண்டாமாம்! தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி. கடைசியில் ரங்கசாமி, என்னைத் தாண்டி நேராக: "சொன்னாக் கேளுடா."

தம்பி மண்ணைப் பார்த்தார். "செரிங்கண்ணா."

தம்பிக்குப் பெரியதோட்டம். அண்ணனுக்குக் கிணத்துமேடு. இரண்டு பெட்டியும் இணைந்தன, துண்டிப்பு இல்லை. அண்ணன் போய் மோட்டாரை நிறுத்தினார். நான் தம்பி போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கிருந்தே சத்தம்: "டேய், நிறுத்திப்போட்டேன்! நீ போடுடா!"

என் செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.