மாலையா, சால்வையா?

ஸ்ரீபெரும்புதூர்
வெள்ளி, 29 ஜூன் 2001

நாளை எனக்குப் பிரிவுபசார விழா. தொழிற்சாலையில் ஓய்வு பெறும் எல்லோரையும் ரோஜா மாலை போட்டுத்தான் அனுப்புவார்கள். இன்று யூனியன் முருகேசன் என் மேஜையருகே வந்து தலையைச் சொறிந்தான்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்களுக்கு மட்டும் சால்வை போட்டுடலாம்னு பேசிகினு இருந்தோம்."

நான் விதவை என்பதால்தான்.

"மாலையே வாங்கு. பூ உதிர்ந்திருந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

"இன்னா மேடம், லெட்டர்ல தப்பு பாக்கறாப்ல மாலையிலயுமா!" என்று சிரித்தபடி போனான்.

சொல்லிவிட்டேன், மனம் அடங்கவில்லை. வாலாஜாபாத்திலிருந்து நாத்தனார் வந்து முன்வரிசையில் உட்காருவாள். அவர் இறந்தபோது என் தலையிலிருந்த பூவை எடுத்தவள் அவள்தான். அந்த வருடமே, கான்வென்டில் படித்தவள் என்று இங்கே டைப்பிஸ்ட் வேலை கொடுத்தார்கள். என் வெறும் நெற்றியை யாரும் பார்க்கவில்லை. டைப் அடித்ததில் பிழை உண்டா என்றுதான் பார்த்தார்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வேன்?

மாலை வாங்கிக்கொள்ளத் தலை குனிய வேண்டும். இத்தனை வருடத்தில் இவர்கள் என்னை ஒருமுறையும் குனிய வைத்ததில்லை. நாளை நானாகக் குனிவேன், நாத்தனார் பார்க்கட்டும்.